தேரிமண் ஒட்டிய வாஷிங் மிஷின்

கடைக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போன அந்த வாரமே ஒரு காலையில், பால் பாக்கெட் எடுப்பதற்காகத் தங்கபுஷ்பம் கதவைத் திறந்தபோது, தண்ணீர்க் குழாயைத் துண்டுபோல் மேலே சுற்றிப் போட்டுக்கொண்டு, வெகுதூரம் நடந்து வந்த சொந்தக்காரர் யாராவது கூப்பிடுவார்களா என்று நிற்பதைப்போல, அவர்கள் வீட்டுப் பழைய வாஷிங் மிஷின் இரண்டாம் மாடி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் முதலில் பார்த்தது அதன் காலைத்தான். நான்கு காலிலும் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. தூத்துக்குடியில் அப்படிப்பட்ட மண் கிடையாது. இங்கே எங்கே மிதித்தாலும் உப்புப் பூத்த சாம்பல் நிறம்தான். குங்குமத்தைக் கொட்டியதுபோன்ற அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் திருச்செந்தூரையும் தாண்டி, உடன்குடிப் பக்கம் செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குப் போகவேண்டும். உடன்குடியில் யார் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் வீட்டுக்காரரை எழுப்பாமல், ஒரு பழைய துணியை நனைத்துக்கொண்டு வந்து குனிந்து உட்கார்ந்து, நான்கு காலையும் ஒரு பொட்டு மண் இல்லாமல் துடைத்து, துணியையும் அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அப்புறம் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, மிஷின் வந்திருக்கு."

"எந்த மிஷின்?" என்றார் பால்துரை படுக்கையிலிருந்தே.

"நம்ம மிஷின்தான். அதுவா வந்திருக்கு."

பால்துரை துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். போன சரக்கு திரும்பி வருவது அவருக்குப் புதிதில்லை. "அப்போ உள்ள இழுத்து வை, ஏறி இறங்குத ஆளுக்கு வழி வேணும்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த மிஷின் நடப்பதும் அப்படியொன்றும் கேள்விப்படாத விஷயம் இல்லை. மேல்மூடி போட்ட அந்தக் காலத்து மிஷின் அது. நன்றாக இருந்த நாளிலேயே, துணியைப் பிழியும்போது உடம்பெல்லாம் உதறி, குளியலறையிலிருந்து கிளம்பி ஹாலைத் தாண்டி டிவி வரைக்கும் வந்துவிடும். யாராவது மேலே கையை அழுத்திக்கொண்டு நின்றால்தான் ஓரிடத்தில் நிற்கும். டிவி வரை நடக்கத் தெரிந்ததற்குத் தெருவில் நடக்கத் தெரியாதா என்று குடியிருப்பில் எல்லோரும் கேட்டது நியாயமான கேள்விதான்.

நடந்தது இதுதான். துணி அலசிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அது இரும்பை இரும்பால் தேய்க்கிற சத்தம் போட்டு நின்றது. மெக்கானிக் காஜா வந்து பின்பக்கத் தகரத்தைக் கழற்றினான். உள்ளே உப்புத்தண்ணீர் பூத்து, உப்பளம் மாதிரி வெள்ளையாக இருந்தது. "எக்கா, பேரிங் போயிட்டு. டிரம்மத் தாங்குத இரும்பும் அரிச்சிட்டு. மாத்தலாம், ஆனா இந்த மாடலுக்குச் சாமான் தேடி அலையணும். புதுசு வாங்குனா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றான். பண்டிகை நேரம். பழசைக் கொடுத்தால் புதுசில் தள்ளுபடி என்று கடையில் பேனர் கட்டியிருந்தார்கள். "பேசாம மாத்திருவோமா?" என்று பால்துரை கேட்டார். கேட்டு முடிக்கும் முன்னால் தங்கபுஷ்பம் "சரி" என்றாள். அவ்வளவு வேகமாகச் சரி சொன்னது அவளுக்கே உறுத்தியது. ஒரு சாமான் கண்ணை விட்டுப் போனால் போதும் என்று காத்திருந்தவள் சொல்கிற சரி அது.

ஆனால் தூக்குகிறவர்கள் வந்து படியில் இறக்கியபோது அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள். மூடியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஊறி, கழுவினாலும் போகாத ஒரு தழும்பாகிவிட்டிருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள். துடைக்கும்போது வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "போயிட்டு வா."

இதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் வாசல்படி தாண்டுகிற யாரிடமும் 'போ' என்று சொல்கிற வழக்கம் கிடையாது. காஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும், வீட்டுவரி கேட்டு வந்து சத்தம் போட்டவரிடமும், இனி இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே விருந்தாளியிடமும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்கிறோம். போகிறவரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறார். அந்த 'வாங்க' காதில் விழுந்தபிறகுதான் செருப்பை மாட்டுகிறார். சொல்கிறவரும் வருவார் என்று எதிர்பார்ப்பதில்லை, கேட்கிறவரும் வரப்போவதில்லை. மிஷினுக்கு இந்தச் சூதெல்லாம் தெரியவில்லை. போகச் சொன்னார்கள், போயிற்று. வரச் சொன்னார்கள், வந்துவிட்டது.

கடையிலிருந்து ஆள் வந்து மன்னிப்புக் கேட்டு மறுபடி ஏற்றிக்கொண்டு போனான். இந்த முறை வாயைத் திறக்கக்கூடாது என்று தங்கபுஷ்பம் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நின்றாள். கடைசிப் படியில் மிஷின் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டது. "பாத்து, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வந்து நின்றது. காலில் அதே மண். அவளும் அதேபோலத் துடைத்தாள்.

அதற்கப்புறம் அது போவதும் வருவதும் ஊருக்குப் பழகிவிட்டது. முத்தையாபுரம் தாண்டி உப்பளத்து வரப்பில் வெயிலில் தனியாக நடந்து வந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் ஏற்றிக்கொண்டதாக மினி பஸ் கண்டக்டர் சொன்னார். லக்கேஜ் போட்டதாகவும், பெண்கள் பக்கமே அது ஒதுங்கி நின்றதாகவும் சொன்னார். முதல் நாள் குரைத்த தெருநாய்கள் அடுத்தடுத்த தடவை பழைய தபால்காரரோடு நடப்பதுபோல் கூடவே நடந்தன. டீக்கடைக்காரர் அது வரும் நேரத்துக்கு பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். "குடோன்ல பூட்டித்தான் வெச்சோம் சார், காலைல ஷட்டரைத் தூக்குனா எங்களுக்கு முந்தி அது வெளிய வருது" என்று கடை மேனேஜர் போனில் பால்துரையிடம் அழாத குறையாகச் சொன்னார். புது மிஷின் அட்டைப்பெட்டியோடு ஹால் நடுவில் நின்றது. பழசின் இடம் காலியானால்தானே அதைப் பிரித்து வைக்க முடியும்? அதனால் தங்கபுஷ்பம் கையால் துவைத்தாள். இரண்டு மிஷின் இருக்கிற வீட்டில் கையால் துணி துவைத்த பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இங்கே ராஜகனியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பால்துரையின் அக்கா. தங்கபுஷ்பத்துக்கு மதினி. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து, கல்யாணம் என்று ஒன்று பண்ணிக்கொள்ளாமல், தம்பி குடும்பமே தன் குடும்பம் என்று இந்த வீட்டிலேயே இருந்தவர். ஓய்வுபெற்ற வருஷம் அந்த மிஷினை வாங்கிப் போட்டவர் அவர்தான். தங்கபுஷ்பத்தின் கையில் சோப்பு அரித்துப் புண்ணாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஒருநாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதன் மேல் கையை அழுத்திக்கொண்டு நின்று, அது டிவிக்கு நடந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் அவர்தான். நிற்க முடியாமல் முட்டு போனபிறகு, குளியலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடி பிடித்துக்கொண்டார்.

அந்த நாளில்தான் தங்கபுஷ்பத்தின் பையனுக்குப் பெண் பேசினார்கள். பெண்வீட்டார் வந்து, இருக்கிற இரண்டு அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, "இவிய இங்கேயேதான் இருக்காவளா?" என்று ராஜகனியைக் காட்டி மெதுவாகக் கேட்டார்கள். கேட்டதோடு சரி. ஆனால் அந்தக் கேள்வி தங்கபுஷ்பத்தின் தொண்டையில் மீன்முள்போல நின்றுவிட்டது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கண் சரியாகத் தெரியாமல் ராஜகனி ஒரு சிவப்பு ரவிக்கையைப் பால்துரையின் வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டுவிட்டார். வேட்டி ரோஸ் கலரில் வெளியே வந்தது. "உங்களால இனி ஒரு வேலையும் ஆகாது மதினி. பேசாம எங்கேயாவது போய் இருங்க" என்று தங்கபுஷ்பம் சொன்னாள். சொன்னது வேட்டிக்காக இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ராஜகனி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டார், அந்த ரோஸ் வேட்டியையும் சேர்த்து. வாசல்படியில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றார். சொல்லிவிட்டு நின்றார். படிக்கட்டில் ஈரத்துணி வாளியோடு கீழ்வீட்டு ஜெனோவா நின்றாள். மேல்வீட்டு ஆட்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பால்துரை பேப்பருக்குப் பின்னால் இருந்தார். எல்லோரும் அந்த மீதி வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"போங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

அவ்வளவுதான். ராஜகனி போனார். தனக்குச் சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவர் அவர், வரவேயில்லை. பையன் கல்யாணத்துக்குக்கூட உடன்குடியிலிருந்து வாழ்த்துத்தான் வந்தது. கல்யாணம் முடிந்த கையோடு பையனும் மருமகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள். யாருக்காக அறை காலியாயிற்றோ அவர்கள் அதில் ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. இப்போது அங்கே துணி காயப்போடுகிற ஸ்டாண்டு நிற்கிறது. அதில் ஈரத்துணியை விரிக்கும்போது தங்கபுஷ்பம் அறையைச் சுற்றிப் பார்ப்பதில்லை. வேகவேகமாக விரித்துவிட்டு வந்துவிடுவாள்.

மிஷின் வந்து போகத் தொடங்கியதும் இன்னொரு கூத்து ஆரம்பித்தது. ஜெனோவாவின் புருஷன் மிக்கேல் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவன். கடல் கொந்தளிக்கிற நேரம் பார்த்து அவனுக்குப் பயணம் வந்தது. ஜெனோவா அவனை நேராக மாதா கோயிலுக்கும், அங்கிருந்து நேராக இரண்டாம் மாடிக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எக்கா, நீங்க சொன்னா திரும்பி வருதுல்லா. இவியளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல ஜெனோவா?"

"மிஷினுக்குச் சொன்னதத்தான்."

தங்கபுஷ்பம் சொன்னாள். தோணி நடுக்கடலில் இஞ்சின் நின்று, திசைமாறி, கடைசியில் மிக்கேல் டின்மீனும் சோப்புப் பெட்டியுமாகச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். அவ்வளவுதான், படிக்கட்டு நிரம்பிவிட்டது. கப்பலுக்குப் போகிறவர்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பெண்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற மருமகளை முன்னால் விட்டுப் பின்னால் கெஞ்சிக்கொண்டு வருகிற மாமியார்கள் எல்லோரும் வந்தார்கள். அவள் சொன்ன அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி மட்டும், "எங்க நாத்தனா நாளைக்கு ஊருக்குக் கிளம்புதா, அவளுக்கு மட்டும் சொல்லிராதீயக்கா" என்று காதோடு கேட்டுக்கொண்டாள். வருகிறவர்கள் பிச்சிப்பூவும் பழமும் கொண்டுவந்தார்கள். "உங்க வாய் பொன்னு வாய்" என்று கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவளுக்கு உடம்பு கூசியது. அன்றைக்குப் படியில் நின்று கேட்டவர்கள்தானே இவர்கள்? எந்த வாயைப் பொன் என்கிறார்கள்? பூவை வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்லவேண்டும். வாங்கிய பூவையெல்லாம் மிஷின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி மிஷின் படிக்கட்டின் விளிம்பையெல்லாம் உடைத்துவிட்டது. கடைக்காரரும், பழசு கைக்கு வராவிட்டால் புதுசைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைசியாகச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கத்தைக் கூட்டினார்கள். சங்கம் என்றால் பெரிய சங்கம் இல்லை. தங்கபுஷ்பம் வீட்டு ஹாலில், அட்டைப்பெட்டியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்ததுதான். பழைய மிஷின் குளியலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ரிப்பேர் பார்ப்பதா, புதுசைப் பிரிப்பதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரிப்பேர் பார்த்தால் ஆறு மாசம் ஓடும், அப்புறம் மறுபடி காஜா காலைப் பிடிக்கணும் என்றார் ஒருவர். இவ்வளவு விசுவாசமான சாமானை எப்படி விடுவது என்றாள் ஜெனோவா.

சங்கச் செயலாளர் செந்தூர்பாண்டி தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு? அது உன் வார்த்தையக் கேக்குது. 'போயிட்டு வா'ன்னு சொல்லுதே, வருது. 'போ'ன்னு சொல்லு, போயிரும். வாசல் வரைக்கும் வந்து ஒத்த வார்த்தை. முடிஞ்சுது."

அன்றைக்குப் படியில் நின்ற எல்லோரும் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் எழுந்து மிஷின் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். 'போ' என்பதற்கு உதட்டைக் குவிக்கவேண்டும், அவ்வளவுதான். குவித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். மூடியிலிருந்த தழும்பைப் பார்த்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க மதினிக்குச் சொன்னேன் அண்ணாச்சி" என்றாள். "இந்த வாசல்ல வெச்சுத்தான் சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டிய. பெத்த பிள்ளைய மாதிரி எங்களப் பாத்துக்கிட்ட மனுஷிக்குச் சொல்ல முடிஞ்சுது. இந்தத் தகரத்துக்குச் சொல்ல வரமாட்டேங்குது. நான் எப்பேர்ப்பட்டவளுன்னு பாத்துக்கிடுங்க."

அழுகை வந்தது. அடக்கவில்லை. மிஷின் காலில் ஒவ்வொரு தடவையும் உடன்குடித் தேரிமண் ஒட்டியிருந்ததையும், யாரும் பார்ப்பதற்குள் தான் துடைத்துவிட்டதையும் சொன்னாள். பால்துரை கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். மடித்த பேப்பரையே பார்த்துக்கொண்டு, "நானும் வீட்டுலதான் இருந்தேன்" என்றார். "எங்கூடப் பிறந்தவ. நான் எழுந்திரிச்சிருக்கணும்."

அப்புறம், "சரி, ரிப்பேரே பண்ணிருவோம்" என்றார்.

தங்கபுஷ்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "யாரக் கேட்டு?"

"என்னது?"

"ரிப்பேரா புதுசான்னு இத்தன நாளா பேசுதோம். கடைக்காரன்ட்ட கேட்டோம், காஜாட்ட கேட்டோம், இப்போ சங்கத்தையும் கூட்டியாச்சு. மிஷினு மதினி வாங்குனது. அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா?"

மறுநாள் காலையில் அவள் ஒரு பையில் துவைக்கிற சோப்பையும், இரண்டு சீப்பு நாட்டுப்பழத்தையும் எடுத்துக்கொண்டாள். மிஷின் படியில் இறங்கத் தயாராக நின்றது. பால்துரையும் வருவதாகச் சட்டையை மாட்டினார். "நான் போயி முதல்ல திட்டு வாங்கிட்டு வாரேன். மிச்சம் இருந்தா நீங்க வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். படிக்கட்டில் எல்லோரும் நின்றார்கள். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு யார் சொல்வது என்று ஒரு தயக்கம். ஜெனோவாதான் சொன்னாள்: "போயிட்டு வாங்கக்கா."

திருச்செந்தூர் போய் பஸ் மாறினார்கள். மிஷினுக்கு லக்கேஜ், அவளுக்கு ஜன்னலோர சீட்டு. உடன்குடியில் இறங்கியதும், அவளுக்குத்தான் வழி தெரியவில்லை. மிஷின் தயங்கவில்லை. கடைத்தெருவைக் கடந்து, கருப்பட்டி மணக்கிற ஒரு சந்தில் திரும்பி, பனை நிற்கிற செம்மண் தடத்தில் இறங்கி, பேரிங் போன வயிற்றிலிருந்து கடகடவென்று சத்தம் போட்டபடி அது முன்னால் நடக்க, செருப்புக்குள் மணல் புகுந்து சுட, அவள் பின்னாலேயே நடந்தாள். வழியில் நின்ற ஒரு ஆள் மிஷினைப் பார்த்து, "டீச்சர் வீட்டுக்கா? இன்னைக்கு ஆளும் சேந்து வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ராஜகனியின் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுப் பின்கட்டில் ஓடு போட்ட ஒரே அறை. முற்றத்தில் துவைகல், ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவுக்குத் திரை தொங்கியது. ரோஸ் கலர் வேட்டி. அதைக் கையால் விலக்கிக்கொண்டுதான் உள்ளே கூப்பிட வேண்டும். தங்கபுஷ்பத்தால் அதைத் தொட முடியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு ராஜகனியே வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரை வந்து உட்கார்ந்தார். மிஷினைப் பார்த்து, "வந்துட்டியா? இன்னைக்குப் பிந்திட்டியே" என்றார். அப்புறம், பார்வையைத் திருப்பாமல், "கூட யாரு?" என்றார்.

"நான்தான் மதினி."

"ம்."

மிஷின் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் போய் நின்றுகொண்டது. அவர் கை பழக்கத்தில் மூடிமேல் போயிற்று.

"இது முதல் தடவ வந்தப்போ நீதான் அனுப்பிருக்கேன்னு நினைச்சேன்" என்றார். "எனக்குன்னு அனுப்பிருக்கியேன்னு கொஞ்சம் சந்தோஷப்பட்டுட்டேன். அப்புறம் காகிதத்துல கடை பேரு ஒட்டிருக்கதப் பாத்தேன். சரி, தப்பிச்சு வந்திருக்கு, வீட்டுல தேடுவாவன்னு 'போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தேடுனியளா?"

தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவள் சொன்ன 'வா'வுக்காகத் தூத்துக்குடிக்கும், இவர் சொன்ன 'வா'வுக்காக உடன்குடிக்கும், உடைந்த வயிற்றோடு அது நடையாய் நடந்திருக்கிறது.

"தேடல மதினி" என்றாள். "கால்ல இருந்த மண்ணத்தான் தொடச்சேன். இங்க வந்துட்டு வருதுன்னு தெரிஞ்சே தொடச்சேன்."

ராஜகனி குனிந்து மிஷினின் காலைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்பு மதினி."

"தப்புன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் ராஜகனி. குரலை உயர்த்தவில்லை. "வாசல்ல நின்னேம்லா, முட்டு வலிக்க வலிக்க. கோவத்துல பாதியச் சொல்லிட்டே, மீதியையும் சொல்லுவியோன்னு நின்னேன். கீழ்ப்படி போனப்புறமும் செருப்பு மாட்டுத மாதிரி நின்னேன். நீ கதவச் சாத்துன சத்தம் கேட்டுத்தான் நடந்தேன்."

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். கதவைச் சாத்தியது அவளுக்கும் நினைவிருந்தது.

"வீட்டுக்கு வாங்க மதினி."

"அந்த ரூம்புல இப்போ என்ன கிடக்கு?"

"துணி காயப்போடுத ஸ்டாண்டு."

ராஜகனி சிரித்துவிட்டார். சிரிப்பு வந்ததில் அவருக்கே கோபம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்போ எதுக்கு வந்தே, அதச் சொல்லு."

"மிஷின ரிப்பேர் பாக்கவா, புதுசு வைக்கவான்னு கேக்க வந்தேன். உங்க மிஷினு."

"புதுசு வந்தாச்சுல்லா?"

"பெட்டிய இன்னும் பிரிக்கல."

ராஜகனி மூடிமேல் விரலால் தாளம் போட்டார். "காஜாவத் தேடச் சொல்லு. சாமான் எங்கேயாவது கிடைக்கும். ஆனா ஒண்ணு, ரிப்பேர் பண்ணுனாலும் பழையபடி இருக்கும்னு நினைக்காத. சத்தம் போடத்தான் செய்யும். பொறுத்துக்கிடுவேன்னா பண்ணு."

"பொறுத்துக்கிடுவேன் மதினி."

"சொல்லுதது சுலுவு."

தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியில் ஊறிக்கிடந்த துணியைக் கல்லில் போட்டுத் துவைத்தாள். சேலை, பாவாடை, துண்டு, தலையணை உறை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் துவைத்தாள். கதவில் தொங்கிய ரோஸ் வேட்டியையும் கழற்றப் போனாள். "அது இருக்கட்டும்" என்றார் ராஜகனி. விட்டுவிட்டாள். கொடியில் எல்லாவற்றையும் உதறிப் போட்டு, காய்ந்ததை மடித்து வைத்து முடித்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தாலும், கிளம்பவேண்டிய நேரம்தான்.

பையை எடுத்துக்கொண்டாள். முற்றத்து வேலிப்படலில் நின்று, "போயிட்டு வாரேன் மதினி" என்றாள்.

சொல்லிவிட்டு நின்றாள்.

ராஜகனி மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சேலை முடிந்து இன்னொரு சேலையை எடுத்தார். தங்கபுஷ்பம் செருப்பை மாட்டுவதுபோல் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். கால் வலித்தது. அன்றைக்கு அவர் நின்ற நேரம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. 'போ' என்றாவது சொல்லட்டும், சொன்னால் அது நியாயம்தான், வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தாள். அவர் அதையும் சொல்லவில்லை.

கடைசியில் ராஜகனி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். மிஷின் மூடியை, அந்தக் குங்குமத் தழும்பை, முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். "போயிட்டு வா" என்றார். மிஷினிடம்தான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. தங்கபுஷ்பத்தின் பக்கம் அவர் கண் திரும்பவேயில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மிஷின் கடகடவென்று கிளம்பியது. தங்கபுஷ்பம் அதன் பின்னாலேயே செம்மண்ணில் நடந்தாள். பஸ்ஸில் படி உயரமாக இருந்தது. பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டாள். இதுவரை தனியாக எப்படித்தான் ஏறி இறங்கியதோ என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். பால்துரை கதவைத் திறந்தார். மிஷின் உள்ளே போய் அதன் இடத்தில் நின்றுகொண்டது. வாசலிலிருந்து குளியலறை வரை தரையெல்லாம் சிவப்பாகக் கால் பதிந்தது. பின்னாலேயே தங்கபுஷ்பத்தின் பாதமும் பதிந்தது. அவர் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் துணி எடுக்கப் போகவில்லை.

"அக்கா என்ன சொன்னா?"

"மிஷினப் போயிட்டு வரச் சொன்னாவ."

"உன்னைய?"

தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"என்னைய ஒண்ணும் சொல்லல. அதால தனியா பஸ் ஏற முடியல. நானும் கூடப் போவேன்."